ஆளில்லாக் காடும் ஆற்று நீரும்

நீலகிரியின் தென்மேற்கு மூலையில், கேரள ராஜ்யத்துப் பாலக்காடு ஜில்லாவில், சைலண்ட் வேலி என்னும் அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் நடுவில் ஊருமில்லை, உழவுமில்லை. சுற்றிலும் உயர்ந்த மலைகள் அரண் செய்கின்றன. அதனூடே குந்திப்புழை வடக்கிலிருந்து தெற்கே ஓடி, மன்னார்க்காட்டுச் சமவெளியில் இறங்கி, தூதப்புழை வழியாகப் பாரதப்புழையிற் சேர்கின்றது.

பருவமழை நீரை மரவேர்களும் மட்கிய இலைகளும் தாங்கி, சிறுகச் சிறுக விடுவதால், கோடையிலும் ஆறு வற்றுவதில்லை. மின்சார உற்பத்திக்காக இங்கே அணை கட்டும் யோசனை, வாதங்கள் பல நிகழ்ந்தபின், 1983-ல் கைவிடப்பட்டது. 1984-ல் இக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

ஆளில்லாக் காடு வீண் நிலமென்று எண்ணுவது தவறு. கீழேயுள்ள வயல்களுக்கு மேலேயுள்ள காடே ஏரி. அவ்வேரிக்குக் கரை மரங்களே.