ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால்பந்து என்றதும் பிரேசில், அர்ஜென்டினா என்று போய்விடுவது வழக்கம். நான் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. நம் அண்டை நாடுகள் கூடி ஆடும் தெற்காசிய விளையாட்டுப் போட்டி 1995 டிசம்பரில் நம் சென்னையிலேயே நடந்தது. கால்பந்து இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. பெண்களுக்குக் கால்பந்து அப்போது கிடையாது.

ஆண்கள் பிரிவில் பெரிய நாடுதான் வெல்லும் என்றில்லை. 1984இல் காத்மாண்டுவில் முதல் தங்கத்தை வென்றது நேபாளம். 2019இல் நேபாளத்தோடு இறுதியாட்டம் ஆடிய நாடு எது தெரியுமா? பூட்டான். 2015 தொடக்கத்தில் உலகத் தரவரிசையின் கடைசி இடத்தில், 209ஆவதாக இருந்த அணி அது! 2-1 எனத் தோற்றுத்தான் போனார்கள். ஆனாலும் அண்டை நாடுகள் பாடம் நடத்தும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் பரப்பளவு, மக்கள்தொகையோடு இதையும் ஒரு வரி சொல்லலாம்.

பெண்கள் கால்பந்து 2010 டாக்கா போட்டியில்தான் சேர்ந்தது. இந்தியா தங்கம், நேபாளம் வெள்ளி, வங்கதேசம் வெண்கலம். 2016இலும் அதே வரிசை. இப்படியேதான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் பெண்கள் கால்பந்து வாகையர் போட்டியில் வங்கதேசம் இந்தியாவை 3-0 என வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் நேபாளத்தையும் 3-1 என வென்றது. அதற்கு முன் நடந்த ஐந்து முறையும் அந்தக் கோப்பை இந்தியாவிடமே இருந்தது.

இந்த அணியில் எட்டுப் பேர் ஒரே ஊர்க்காரர்கள். மேகாலயா எல்லையை ஒட்டிய மைமன்சிங் மாவட்டத்துக் கிராமம், கல்சிந்தூர். அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். கிரிக்கெட்டைப் போல இதற்குப் பின்னால் பெரிய பணமோ பயிற்சி மையமோ இல்லை. வங்கதேச அரசு தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கென்றே நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தத் தொடங்கியது. வட்டாரம், மாவட்டம், கோட்டம் என்று வென்று மேலே வர வேண்டும். கல்சிந்தூர்ப் பள்ளி 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் கோப்பையை வென்றது.

பயிற்சி கொடுத்தவர் உடற்கல்வி ஆசிரியர் அல்லர்; வகுப்பில் பாடம் நடத்தும் உதவி ஆசிரியர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் தொடக்கப் பள்ளிகளிலும் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. அதையே காரணமாகச் சொல்லி நாம் ஒதுங்கிவிடுகிறோம். பெண் பிள்ளைகளை ஆட அனுப்ப அந்த ஊர்ப் பெற்றோரும் முதலில் தயங்கினார்கள். அந்த ஊருக்கு மின்சாரம் வந்ததே இந்தச் சிறுமிகள் வென்று வந்த பிறகுதான்.

நம் நிலை என்ன? குறுவட்டப் போட்டிக்கு ஆறாம் வகுப்பில்தான் பெண் பிள்ளையைத் தேடுகிறோம். அதற்குள் அவளிடம் "ஓடாதே, குதிக்காதே" என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் அவளே ஒதுங்கி நிற்பாள். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவோம். (கணக்கு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், கேட்பவரைவிடக் கொடுப்பவர்மேல்தான் எனக்கு வருத்தம்.)

ஆகவே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பது, அந்தப் பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பது, மூன்றாம் வகுப்பிலிருந்தே பெண் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுங்கள். ஆண் பிள்ளைகள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரத்தில் அல்ல, அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி. அணிக்கு ஐந்து பேர், கோலுக்கு இரண்டு செங்கல் போதும். பந்து வாங்கும்போது மட்டும் 4ஆம் எண் பந்தாகப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து பத்து வயதுக் காலுக்குக் கனம்.