ஆங்கிலச் சோதினையும் ஒரு பிடி புளியங்கொட்டையும்

சாதாரண தரப் பரீட்சை கிட்டக்கிட்ட யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு முறைப்பாடு கேட்கும். "தமிழ் ஒருமாதிரி வாசிக்கிறான், இங்கிலிஷ் கொப்பியைத் திறந்தால்தான் மொக்கன் மாதிரி நிற்கிறான்." பிறகென்ன, ஒரே சொல்லை ஐம்பது தரம் எழுதச் சொல்வார்கள்.

அப்படியான பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா. 1896இலேயே இங்கிலாந்தில் பிரிங்கில் மோர்கன் என்ற வைத்தியர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க வராத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதிவிட்டார். கண்ணிலும் பழுதில்லை, புத்தியிலும் பழுதில்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் தட்டுப்படுகிறது. தமிழ் இதை ஓரளவு மறைத்துவிடும். 247 எழுத்தென்றாலும் பெரும்பாலும் எழுதினபடியே வாசிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. பிள்ளை அகப்படுவது அங்கேதான்.

ரியூசனில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்' என்றால் பிள்ளை என்ன செய்யும்? உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துப் பன்றிக்குரிய சொல்லைச் சொல்லுங்கள், காற்றுக் கையில் அடிக்கும். மற்றதைத் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள், அதிரும்.

அடுத்தது, கப்பலுக்குரிய 'ஷிப்'. ஒலிக்கொரு புளியங்கொட்டை வைக்கட்டும்: ஷ், இ, ப். மூன்று. கொட்டைகளுக்குக் கீழே எழுத்தை எழுதும்போது, முதலாவதுக்கு இரண்டு எழுத்து வேண்டுமென்று பிடிபடும். அதையே அரிசியில் விரலால் எழுதலாம், ஏடு தொடக்கினபோது எழுதினமே, அதுபோல. ஓர்ட்டன், கில்லிங்கம் என்ற இருவர் அமெரிக்காவில் கண், காது, கை மூன்றையும் சேர்த்து வகுத்த முறையும் இதற்குக் கிட்டத்தான் நிற்கிறது.

கட்டுரையைப் பாடமாக்க வைக்காதீர்கள். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். விடையைப் பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். மணிக்கூட்டைப் பார்ப்பது கடைசி மாதங்களில் போதும்.

நேரம் என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியாப் பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் உண்டு, சொல்லச்சொல்ல எழுதித்தர ஆளும் உண்டு. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதுவோரும் முன்கூட்டியே கேட்டால் மேலதிக நேரம் பெறலாம். எங்கள் பிள்ளைக்கு எந்த ஏற்பாட்டைக் கேட்கலாம், அதற்கு என்ன வைத்திய அறிக்கை வேண்டும் என்று, பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் காலத்திலேயே அதிபரைச் சந்தித்துக் கேளுங்கள். அனுமதி அட்டை கைக்கு வந்தபிறகு ஓடித்திரிந்து பயனில்லை.