பூவுக்கு ஒரு பங்கு, பழத்துக்கு ஒரு பங்கு

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க, வயல் வேலிகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் வெண்ணெய் நிறப் பூங்கொத்துகள் தட்டுத் தட்டாக விரிந்திருக்கும். எல்டர் மரத்தின் பூக்கள் அவை. பறவைகள் போட்ட விதையிலிருந்து தானாக முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்துவிடும் மரம். பூக்கும் நாட்களில் மட்டும் கூடையும் கத்தரிக்கோலுமாக ஆட்கள் அதைத் தேடி வருவார்கள்.

அந்தப் பூவில் சர்பத் செய்வது பல தலைமுறைகளாக வந்த வீட்டு வழக்கம். இருபது, இருபத்தைந்து பூங்கொத்துகள், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கிலோவுக்குக் குறையாத சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, கொஞ்சம் சிட்ரிக் அமிலம். காய்ச்சிய பாகில் பூவைப் போட்டு மூடி, ஒரு நாள் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிச் சீசாவில் ஊற்றினால் வேலை முடிந்தது. குழந்தைகூடச் செய்துவிடலாம். கைத்தேர்ச்சியெல்லாம் பறிப்பதில்தான் தெரியும். மணத்தில் பெரும்பங்கு மகரந்தத்தில் இருப்பதால், மழை கழுவிய பூ உதவாது. பனி உலர்ந்த, வெயில் ஏறும் காலைதான் சரியான வேளை. பழகியவர்கள் ஒவ்வொரு கொத்தையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். பாதி மொட்டும் பாதி மலர்ச்சியுமாக இருக்கும் கொத்தில் திராட்சையும் எலுமிச்சையும் கலந்தாற்போல் ஒரு வாசனை வரும். அது கூடைக்குப் போகும். பழுப்பேறிய கொத்தில் பூனை மூத்திர வாடை அடிக்கும். அதில் இரண்டு மூன்று கலந்தாலே பாகு முழுதும் கெட்டுவிடும். பறித்த பூவைக் கழுவுவதில்லை. உதறிப் பூச்சிகளை விரட்டி, பச்சைக் காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு அப்படியே போடுவார்கள்.

1984-இல் பீவர் பள்ளத்தாக்கில் ஜான் மேனர்ஸ் பிரபு, தம் மனைவி வீட்டில் செய்துவந்த எல்டர் பூச் சர்பத்தைச் சீசாக்களில் அடைத்து விற்கத் தொடங்கினார். இன்று அந்த நிறுவனத்துக்குச் சொந்த எல்டர் தோப்பே உண்டு. ஆனாலும் ஜூன் வந்தால் சுற்றுவட்டார மக்கள் பறித்துக் கொண்டுவரும் பூவையும் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்குகிறது. வீட்டுப் பக்குவம் ஒன்று அதன் மூலப்பொருளைத் தேடித் தரும் ஊராரையும் உடன் அழைத்துக்கொண்டு தொழிலாக வளர்ந்தது மெச்சத்தக்க விஷயம்.

பூவில் இயல்பாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டைக் கொண்டே நுரைக்கும் பானம் ஒன்றும் செய்கிறார்கள். மூடியை அவ்வப்போது தளர்த்தாவிட்டால் சீசா வெடிக்கும். அந்தப் பானத்துக்கு வீட்டில் வழங்கும் பெயர் ‘எல்டர்ஃப்ளவர் ஷாம்பெயின்’. சர்ரே பகுதி நிறுவனம் ஒன்று அதே பெயரில் மது கலக்காத பானத்தை விற்றபோது, பிரான்சின் டைட்டாஞ்சே ஷாம்பெயின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1993-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கடைச் சீசாக்களிலிருந்து அந்தப் பெயர் போயிற்று. வீடுகளில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த மரத்திடம் ஒரு கணக்கு உண்டு. பறித்த ஒவ்வொரு பூங்கொத்தும் செப்டம்பரில் கிடைக்காமல் போகும் ஒரு பழக்கொத்து. ஆகவே நன்றாகப் பழகியவர்கள் எட்டும் உயரத்துப் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே இருப்பதை விட்டுவிடுவார்கள். அந்தப் பழத்தில் பறவைகளுக்கும் பங்கு உண்டு. இந்த அளவறிதல்தான் எல்டர் கலையின் உயிர்நாடி.

பழம் கருஊதா நிறம். மிளகை விடச் சற்றுப் பெரியது. கை பட்டால் லேசில் போகாத கறை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் 18-ஆம் நூற்றாண்டில் போர்ட் ஒயினுக்கு இதைக் கொண்டு நிறமேற்றினார்கள். அந்தக் கலப்படத்தை ஒழிக்க, அந்நாட்டு அமைச்சர் பொம்பால் பிரபு அங்கிருந்த எல்டர் மரங்களையே வெட்டச் செய்தார்.

பழத்தைப் பச்சையாகத் தின்னக் கூடாது. இலை, தண்டு, காய், விதை எல்லாவற்றிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. 1983-இல் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் காட்டு எல்டர் பழத்தை இலை, கிளையோடு சேர்த்து நசுக்கிச் சாறு எடுத்துக் குடித்தார்கள். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. முழுக்கப் பழுத்ததைக் காம்பு நீக்கிக் கொதிக்கவைத்தால் அச்சமில்லை. காம்பு நீக்க முள்கரண்டியால் வாருவது வழக்கம். கொத்தோடு ஃப்ரீசரில் வைத்து, உறைந்தபின் உதறினால் பழங்கள் இன்னும் சுலபமாக உதிரும். டென்மார்க்கிலும் வட ஜெர்மனியிலும் இதில் ஆப்பிள் சேர்த்துச் சூப் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் கிராம்பு, பட்டை, இஞ்சி போட்டுப் பாகு காய்ச்சிக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் அது கைகண்ட மருந்து என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ருசிக்காகவே அதைக் காய்ச்சலாம்.

வீட்டில் வளர்க்க, நம் ஊரில் முருங்கைப் போத்து நடுவது போலத்தான். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின், பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும். ஈரம் தங்கும், மக்கு நிறைந்த மண் இதற்குப் பிரியம். பழத்துக்காக வளர்ப்பவர்கள் ஆஸ்திரியாவின் க்ளோஸ்டர்நொய்பர்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘ஹாஷ்பெர்க்’ ரகத்தை நாடுகிறார்கள். பக்கத்தில் இன்னொரு ரகமும் இருந்தால் காய்ப்பு கூடும். கவாத்து செய்யும்போது மட்டும் நிதானம் வேண்டும். பூ பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கிளைகளில்தான் வருகிறது. மரத்தை மொத்தமாக மொட்டையடித்தால் அடுத்த ஜூனில் இலைதான் மிஞ்சும். அதனால் ஆண்டுக்குச் சில முதிர்ந்த கிளைகளை மட்டும் அடியோடு எடுத்து, புதுத் தளிர்களுக்கு இடம் விடுகிறார்கள்.