காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை: ஒரு தாத்தாவின் கணக்கு

(எங்கள் நாக்பூர் கிளையின் குடும்ப தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு என் ஆசிகள். இன்றைய பேச்சு அவர்களுக்காகத்தான்.

"விஞ்ஞானமும் இருக்க வேண்டும், குழந்தைகளும் எழுந்து போகக் கூடாது" என்று செயலாளர் நிபந்தனை போட்டார். மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். எழுபது வயதைத் தாண்டியவனுக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்திருப்பார். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

2023-ம் வருஷம் என் பெண் வயிற்றுப் பேரன் பூனாவிலிருந்து போன் செய்தான். சாஃப்ட்வேர் வேலை, 26 வயது. "தாத்தா, நவம்பர்ல ஸ்ரீநகர்லேருந்து கன்னியாகுமரி வரைக்கும் பைக்ல போகப் போறேன். 72 மணி நேரத்துல முடிக்கணும். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை" என்றான். எங்களிடம் முதலில் சொன்னதே பெரிய விஷயம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "வேற வேலையே இல்லையாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன், பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் பைல் பார்த்தவன். பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தூரம். ஸ்ரீநகர் ஏறக்குறைய 34 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 8 டிகிரியில். வித்தியாசம் 26 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,900 கி.மீ. சாலை நேராகப் போகாது. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 3,650 கி.மீ. வருகிறது. பழைய ஏழு நெடுஞ்சாலைகளின் பகுதிகளை ஒன்று சேர்த்து, 2010-ல் எண்களை மாற்றியபோது இதற்கு 44 என்று பெயர் வந்தது. நம் ஊர்க்காரர்கள் இன்னமும் 'என்.எச். ஏழு' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தச் சாலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜீலம், சீனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்று சிந்துவின் ஐந்து கிளை நதிகளையும் இது பார்த்துவிடுகிறது. அப்புறம் சம்பல். நரசிங்பூருக்கு முன்னால் நர்மதை, நிர்மல் அருகே கோதாவரி, கர்னூலுக்கு வடக்கே கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்ரா, பரமத்தி வேலூரைத் தாண்டினால் காவேரி, மதுரையில் வைகை, திருநெல்வேலியில் தாமிரபரணி. ஸ்நானம் பண்ணும்போது நாம் பெயர் சொல்லி அழைக்கிற ஏழு நதிகளில் நர்மதையும் கோதாவரியும் காவேரியும் இந்த ஒரே சாலையில் இருக்கின்றன. இதைப் படத்தில் பார்த்தபோது எனக்கே ஒரு சபலம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது வேகம். 3,650-ஐ 72-ஆல் வகுத்தால் மணிக்கு 51 கி.மீ. பார்த்தால் ரொம்பச் சாதாரணம். ஆனால் அந்த 72-ல் பெட்ரோல், சாப்பாடு, டோல், மலைப்பாதை எல்லாம் அடக்கம். பேரனின் திட்டப்படி தூக்கத்துக்கு மிஞ்சியது முதல் ராத்திரி நாலு மணி நேரம், இரண்டாவது ராத்திரி ஒரு மணி நேரம்.

இப்படிப்பட்ட ஓட்டங்களுக்கென்றே அமெரிக்காவில் 'அயர்ன் பட் அசோசியேஷன்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைத் தமிழில் சொல்ல மாட்டேன், மாமிகள் இருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,610 கி.மீ. ஓட்டினால் சான்றிதழ் கொடுப்பார்கள். பெட்ரோல் பங்க் ரசீதில் இருக்கும் நேரமும் இடமும்தான் சாட்சி. சராசரி 67 கி.மீ. நடுவில் நாலு மணி நேரம் நின்றால், ஓடுகிற நேரத்தில் 80 கி.மீ. போயாக வேண்டும். நல்ல ஓட்டம் என்பது வேகமாக ஓட்டுவது இல்லை, வீணாக நிற்காமல் இருப்பதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும்தான் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். தூக்கம் வந்தால் நிறுத்து என்பதுதான் அவர்களுடைய முதல் பாடம்.

இப்போது என் கணக்கில் முக்கியமான வரி. 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்து 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும் வேலை செய்கிற லட்சணம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவனுடையதைப் போல ஆகிவிடுகிறதாம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். நம் குழந்தைகள் குடிக்க மாட்டார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் முதல் நாள் விடியற்காலை எழுந்து ராத்திரி பதினோரு மணிக்கும் வண்டி ஓட்டுகிற பையன், ஒரு சொட்டுக்கூடத் தொடாமலே அந்த எல்லையைத் தாண்டியவன்.

80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகிறது. கண் நாலு விநாடி சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஓட்டுபவன் இல்லாத வண்டி. காரில் நாலு சக்கரமாவது இருக்கிறது. 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் 'போகாதே' என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். ஆனால் அப்போது எனக்கு 1977 ஞாபகம் வந்தது.

அந்த மார்ச் மாதம் பார்லிமென்ட் தேர்தல். வர்தாவில் ஓட்டு எண்ணும் டியூட்டி. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, விடியற்காலையில் லாம்ப்ரெட்டாவை எடுத்துக்கொண்டு நாக்பூருக்குக் கிளம்பினேன். 75 கி.மீ.தானே என்ற எண்ணம். பாதி வழியில் கண்ணைத் திறந்தபோது நானும் ஸ்கூட்டரும் ஒரு பருத்திக் காட்டில் கிடந்தோம். எப்போது சாலையை விட்டு இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எதிரே லாரி வந்திருந்தால் இந்த மைக் முன்னால் வேறு யாராவது நின்றிருப்பார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். ஆத்தில் "டயர் பஞ்சர், விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு முதன்முதலாகப் பேரனிடம் சொன்னேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும். ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலக் காபி மட்டும் கொஞ்சம் லேட்டாக வந்தது.

பேரனிடம் சொன்னேன்: "உன்னை நான் தடுக்கலை. தடுத்தா சொல்லாம போவே. ஆனா ரெண்டு கண்டிஷன். அம்மாகிட்ட நீயே சொல்லணும். நாக்பூர் கிட்டத்தட்டப் பாதி வழி. இங்க ஆத்துக்கு வந்துட்டுத்தான் போகணும்." அவன் சம்மதித்தான்.

நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்ரீநகரில் கிளம்பினான். பனிஹாலில் 1956-ல் திறந்த ஜவஹர் சுரங்கம் ஒரு காலத்தில் பெரிய அதிசயம். இப்போது அதற்குக் கீழே எட்டரை கி.மீ. நீளச் சுரங்கம் 2021-லிருந்து இருக்கிறது. உதம்பூருக்கு முன்னால் 9 கி.மீ. சுரங்கம், 2017-ல் திறந்தது. அப்படியும் ஜம்மு வருவதற்குள் மலையும் லாரிகளும் நேரத்தைத் தின்றுவிட்டன. ராத்திரி ஒன்பதரைக்குப் பானிபட். நாலு மணி நேரத் தூக்கம். இரண்டு மணிக்கு மறுபடி கிளம்பினான். டெல்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், சிவனி. ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் வாசலில் ஹெட்லைட் தெரிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் சிவந்திருந்தது. நான் மெதுவாகப் பேசினால் காதில் விழவில்லை. நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்தால் அப்படித்தான் ஆகும். பாட்டி தயிர் சாதம் பிசைந்து கையில் போட்டாள். "தாத்தா, பன்னெண்டு மணிக்கு எழுப்பிடுங்கோ. 1,750 பாக்கி இருக்கு. மறக்காம எழுப்பிடுங்கோ" என்றான். படுத்த நிமிஷம் தூங்கிவிட்டான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "எழுப்பாதீங்கோ. தூங்கட்டும். மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நம்பிச் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு ஏமாற்றினால் அடுத்த தடவை இந்த வாசலில் வண்டி நிற்காது. பன்னிரண்டு மணிக்கு எழுப்பினேன்.

முகம் கழுவி, காபி குடித்து, கால் மணி நேரம் ஆன பிறகு சொன்னேன்: "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுண்டே வா." இன்ஜினியர். சிரித்தான். "93, 86, 78..." என்று சொல்லிவிட்டு நின்றான். தவறு என்று அவனுக்கே தெரிந்தது. திரும்ப ஆரம்பித்தான். மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "தாத்தா, நான் தூங்கறேன்" என்றான்.

ஆறு மணிக்கு எழுந்தபோது 49 மணி நேரம் முடிந்துவிட்டது. மீதி 23 மணி நேரத்தில் 1,750 கி.மீ. என்றால், நிற்கிற நேரத்தையும் சேர்த்து, சராசரி 76. அது ஆகாது என்று அவனே கணக்குப் போட்டான். கோபம் இருந்தது, எனக்குத் தெரியும். இட்லி சாப்பிடும்போது பேசவில்லை. அன்று ராத்திரி கர்னூல், மறுநாள் சேலம், அதற்கடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கன்னியாகுமரி. 72-க்குப் பதில் 106 மணி நேரம். சான்றிதழ் கிடையாது. கடலுக்கு முன்னால் நின்று எடுத்த ஒரு போட்டோவை அனுப்பி, கீழே "93, 86, 79, 72, 65, 58" என்று எழுதியிருந்தான். அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

இளைஞர்களுக்கு நான்கு வார்த்தை. ஒன்று, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே, டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று சொல்லிவிட்டது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கே அந்த வரம்பு. ஆசைக்கு ஓட்டுகிறவனுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதில் தப்பில்லை. இரண்டு, விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரையும், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகும் உடம்பு தானாகவே சோரும். அந்த நேரங்களைத் தவிர்க்கவும். மூன்று, ஃபில்டர் காபி தூக்கத்துக்குப் பதில் ஆகாது. அது வேலை செய்ய இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். குடித்துவிட்டு அந்த இருபது நிமிஷம் படுங்கள். நான்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், முழுக்கை ஜாக்கெட், தாகம் எடுக்கும் முன்னாலேயே தண்ணீர். ரத்த வகையும் ஆத்துப் போன் நம்பரும் எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். நம் ஊர்களில் வழிப்போக்கனுக்கென்று திண்ணை இருந்தது, சத்திரம் இருந்தது. இன்று ஜம்முவிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தச் சாலையில் உள்ள எத்தனையோ நகரங்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ராத்திரி ஒரு பையனோ பெண்ணோ கதவைத் தட்டினால் ஒரு பாயும் ஒரு தம்ளர் மோரும் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நாக்பூர் கிளையில் முதல் பெயர் என்னுடையது. என் மனைவியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

யாரும் வெளியே கிளம்பும்போது நம் ஆத்தில் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். நம் குழந்தைகள் எத்தனை மணி நேரத்தில் போனாலும் சரி, அதில் 'வரேன்' என்கிற பாதியை மறக்காமல் இருக்கட்டும்.