சிறைக்கொடுமையும் விசாரணையும்: நாம் கற்க வேண்டிய பாடம்

 

வெள்ளி விழா மேடையில் சிறைக்கொடுமையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே எமது கருத்து. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நமக்கு எழுத்தறிவு ஊட்டியது. சிறைக் கதவுக்குப் பின்னால் அடிபடும் ஒருவனுக்கு அந்த எழுத்து எவ்வாறு துணை நிற்கும் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எழுதப்பட்ட விசாரணையின் வலிமையை இம்மாவட்டம் முன்னரே கண்டது. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் நம் முன்னோரின் நிலமற்ற வறுமையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது அதன் விளைவாகவே.

சிறைக்கொடுமை பற்றியும் இத்தகைய அறிக்கை ஒன்று உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று, தமிழக அரசு கலைக்கப்பட்டது. தி.மு.க.வினரும் திராவிடர் கழகத்தினரும் மிசாச் சட்டத்தின்கீழ்க் கைதாகிச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். பிப்ரவரி 2 இரவு அவர்கள் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். சிறைக் காவலர்களோடு தண்டனைக் கைதிகளும் இதற்கு ஏவப்பட்டனர். அடிபட்டோருள் ஒருவர் சி. சிட்டிபாபு. 1967-இலும் 1971-இலும் இந்தச் செங்கற்பட்டுத் தொகுதி மக்கள் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அவர். மு.க. ஸ்டாலின் மீது விழவிருந்த அடிகளைத் தம் உடலில் தாங்கியவர் என்று உடனிருந்தோர் கூறுவர். 1977 ஜனவரியில் அவர் காலமானார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்போ அழியாமல் நின்றது.

நெருக்கடி நிலை நீங்கிய பின், நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் இதனை விசாரித்தது. அடிபட்டோர் சாட்சியம் அளித்தனர். சிறை அதிகாரிகளும் விசாரிக்கப்பட்டனர். தாக்குதல் நடந்தது மெய்யே என்று ஆணையம் முடிவு கூறியது. அச்சிறைக் கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அறிக்கை இன்றும் இருக்கிறது.

ஆனால் அவர்கள் ஊரறிந்த தலைவர்கள். ஆட்சி மாறியதும் அவர்கள் சொல் அம்பலம் ஏறியது. பெயரறியாத ஏழையின் சொல் எங்கே ஏறும்?

2022 டிசம்பர் 31 அன்று, இதே செங்கற்பட்டில், அரசு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் பிடிபட்டு வந்த சில நாள்களிலேயே நேர்ந்த மரணம் அது. வலிப்பு வந்தது என்று முதலில் சொல்லப்பட்டது. தாய் அதனை ஏற்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் காயங்கள் வெளிப்பட்டன. நீதித்துறை நடுவர் விசாரித்தார். இல்லப் பணியாளர் அறுவர் கைதாயினர். இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராய்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2023-இல் அரசிடம் அறிக்கை அளித்தார். இறந்த பிள்ளை மீளவில்லை. எனினும் அந்தத் தாய் ஏற்க மறுத்திராவிடில் வலிப்பு என்ற சொல்லே ஏட்டில் நின்றிருக்கும்.

ஆகவே இளைஞர்களே, சிலவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காவலில் அடிபட்டவன் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே காயத்தைக் காட்டி, மருத்துவச் சோதனை கேட்க வேண்டும். அவனால் இயலாவிடில் பிறர் எழுதலாம். திகார் சிறையில் சக கைதி வதைக்கப்பட்டதைச் சுனில் பத்ரா என்னும் கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதனையே மனுவாக ஏற்று 1979-இல் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையத்திற்கு எழுதுவதாயின், நிகழ்ச்சி நடந்த ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்.

காவலில் மரணம் நேர்ந்தால், காவல்துறை விசாரணை மட்டும் போதாது. நடுவர் விசாரணையும் நடந்தாக வேண்டும். 2006 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 196-ஆம் பிரிவில் உள்ளது. இயன்றவரை உறவினர்க்குத் தெரிவித்து, அவ்விசாரணையில் உடனிருக்க அவர்களை விடவேண்டும் என்பதும் சட்டம். இதனை அறியாத குடும்பம் மருத்துவமனை வாயிலில் அழுதபடி நின்று, நீட்டிய தாளில் கைந்நாட்டு இட்டுவிட்டுத் திரும்பும்.

நமக்கு இது பிறர் கதை அன்று. சிறைக்குள்ளும் சாதி நம்மைத் தொடர்ந்தது. கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை பகுத்த விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான்.

ஒவ்வோர் ஊரிலும் இருவரேனும் மனு எழுதக் கற்க வேண்டும். நாளும் நேரமும் காயமும் சாட்சியின் பெயரும் அன்றே குறித்துவைக்கப் பழக வேண்டும். கண்டதை மட்டும் எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி, மெய்யான பத்து வரிகளையும் கெடுத்துவிடும். பெற்ற கல்வியை, நீட்டிய தாளைப் படிக்காமல் கைந்நாட்டு இடும் ஒரு தாயின் அருகில் சென்று நிற்பதற்குப் பயன்படுத்துவோம் என இவ்விழா நாளில் உறுதி கொள்வோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!