நான்காம் துணை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுக்கொருமுறை இம்மேடையில் கூடி இயலும் இசையும் கேட்டு மகிழ்கின்றோம். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும், குடும்பத்தார் யாவரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் நாள் இஃதொன்றே ஆதலின், குடும்பத்திற்கு வேண்டிய பேச்சை இன்றே பேசிவிடுதல் நலம் எனக் கருதினோம்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் நாம் அறிவோம். நான்காமவர் யார்? மருத்துவமனையின் தாதியர் மட்டும் அல்லர். கட்டிலருகே நிற்கும் நாமும் அவரே. அந்நான்காம் துணையாகிய நாம் நம் கடமையைச் செய்கின்றோமா என்பதே இன்றைய வினா.

சில ஆண்டுகட்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மூதாட்டியாரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தனர். நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறியது. மகன் மூன்று முறை ஓடிச்சென்று அழைத்தும் எவரும் வந்திலர். விடியுமுன் அன்னையார் மறைந்தார். காலையில் பணத்தைக் கட்டிவிட்டு உடலைப் பெற்றுக்கொண்டனர். யாமும் உடனிருந்தோம். ஒரு காகிதத்தையேனும் கேட்டோமா? கேட்டிலோம். "விதி முடிந்தது" என்று ஆறுதல் கூறினோம். மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அம்மகன் எம்மிடம் வந்து, "அன்று நடந்ததைக் கேட்க வழியுண்டா, அண்ணாச்சி?" என்றார். வழக்குத் தொடுக்கும் காலவரையறை கடந்திருந்தது. ஏடுகளை மருத்துவமனை வைத்திருக்க வேண்டிய காலமும் கடந்திருந்தது. வழி இருந்தது, அதை அறியாதிருந்தவர்கள் யாமே. அந்நாணமே இவ்வுரைக்குக் காரணம்.

"மருத்துவமனையை எதிர்த்து ஏழை வெல்ல முடியுமா?" என்று கேட்பீர்கள். நம் மகாராஷ்டிர மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு வழக்கைக் கூறுவோம். 1963ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு தாய் மகனை ஈன்றார். சில நாளில் கருத்தடை அறுவை நிகழ்ந்தது. பின்னர்க் காய்ச்சலும் வயிற்று வலியும் மிகுந்தன. மீண்டும் வயிற்றைத் திறந்தபொழுது, முதல் அறுவையின்போது உள்ளே வைத்த துணி எடுக்கப்படாமலே கிடந்தது தெரியவந்தது. அத்தாய் அத்திங்களிலேயே உயிர்நீத்தார்.

கணவர் விதி என்று வாளாவிருந்தாரல்லர், வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் 36,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவர் தளரவில்லை. அச்சுதராவ் ஹரிபாவு கோத்வா எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்னும் அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. வயிற்றினுள் துணி கிடந்தமையே கவனக்குறைவுக்குச் சான்று. அரசு நடத்தும் மருத்துவமனை என்பதால் அரசு பொறுப்பினின்றும் விலக இயலாது என்று நீதியரசர்கள் தெளிவுறுத்தினர். முப்பத்து மூன்று ஆண்டுகள்! தாயை இழந்த அக்குழந்தை வளர்ந்து முழு ஆளாகியிருக்கும். நீதி தாழ்த்து வந்தது, எனினும் வந்தது.

அதற்கு முன்னரே, 1953இல், தொடையெலும்பு முறிந்து பூனாவுக்குக் கொண்டுவரப்பட்ட இருபது வயது இளைஞர் ஒருவர் சிகிச்சையின்போது இறந்தார். அவர்தம் தந்தையும் ஒரு மருத்துவரே. அவர் தொடுத்த வழக்கில் 1968இல் உச்சநீதிமன்றம் மருத்துவர்க்குரிய மூன்று கடமைகளை வகுத்தது. நோயாளியை ஏற்பதா என முடிவு செய்வதிலும், எச்சிகிச்சை அளிப்பதென முடிவு செய்வதிலும், அச்சிகிச்சையை நடத்துவதிலும் கவனம் வேண்டும் என்பதே அது. கிடைத்த இழப்பீடு 3,000 ரூபாய்தான். ஆனால் அத்தந்தை பெற்றுத்தந்த நெறி இன்றளவும் நாடு முழுமைக்கும் பயன்படுகின்றது.

இன்று வழி முன்னினும் எளிது. மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட பணியே என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் யாவும் இதில் அடங்கும். சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலர்க்கு இலவசமாகச் செய்யும் இடமாயின், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் முறையிடலாம். எல்லார்க்கும் இலவசமாகவே செய்யும் மருத்துவமனையாயின் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல இயலாது. அவுரங்காபாத்துக் கணவரைப் போல உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டும்.

2019ஆம் ஆண்டின் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர்க்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வாயிலாக இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. உயிர் பிரிந்த இடமெல்லாம் கவனக்குறைவு நிகழ்ந்த இடம் அன்று. கற்றறிந்த மருத்துவர் ஒருவர் செய்யத்தக்கதைச் செய்தும் நோய் வென்றுவிடின், அவர்மீது குற்றம் இல்லை. 2005இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. சயானிலும் காட்கோபரிலும் உள்ள மாநகராட்சி மருத்துவமனைகளில் இரவு பகலாக நின்று நம் மக்களைக் காத்த மருத்துவர்களையும் தாதியரையும் நாம் நன்றியுடன் நினைக்கின்றோம். துயரம் பொறாமல் மருத்துவர்மேல் கை நீட்டுதல் பெருங்குற்றம். நம் வழக்கையும் அதுவே கெடுத்துவிடும். சினம் கையில் இருத்தலாகாது. சான்று கையில் இருத்தல் வேண்டும்.

அச்சான்று எது? காகிதமே. சேர்க்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, பணம் கட்டிய ரசீது, வீடு திரும்பும்போது தரும் குறிப்பு ஆகியவற்றுள் ஒன்றையும் எறிதல் வேண்டா. எழுத்தால் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஏடுகளின் படியைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. உள்நோயாளியின் ஏடுகளை மூன்று ஆண்டுகள் காக்கவேண்டும் என்பதும் அவ்விதியே. எந்நேரத்தில் யாரை அழைத்தோம், யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பிறிதொரு மருத்துவரிடம் அவ்வேடுகளைக் காட்டி அவர்தம் கருத்தைக் கேட்டபின்னரே வழக்கை எண்ணுதல் வேண்டும்.

நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் பெற்றோர்க்கு மராத்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நீட்டிய தாளில் கைரேகை வைத்தனர். அவர்தம் பிள்ளைகளோ மும்மொழியும் கற்று மான்குர்த்தில் நிமிர்ந்து நிற்கின்றனர். அவ்விளைஞர்களை வேண்டுகின்றோம்: நம் குடியிருப்பில் எவர் மருத்துவமனைக்குச் சென்றாலும் உங்களுள் ஒருவர் உடன் செல்லுங்கள். தாளில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஏடுகளைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கென ஐவர் கொண்ட குழுவை இன்றே அமைக்கச் சங்கம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.

அம்மூதாட்டியாரின் மகனுக்கு யாம் விடை கூற இயலவில்லை. அவர் இன்று இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கின்றார். அக்குழுவில் முதற்பெயராகத் தம் பெயரைத் தந்துள்ளார். அடுத்த பெயர்களை உங்களிடம் எதிர்நோக்கி அமர்கின்றோம்.