இரவுகளை எண்ணிப் பூடானுக்குப் புறப்படுங்கள்



வெளிநாடு போய்வர வேண்டும், ஆனால் விசாவுக்கு அலையக் கூடாது. நம் ரூபாய் அங்கும் செல்ல வேண்டும். சித்திரை வெயிலுக்குக் குளுகுளுவென்றும் இருக்க வேண்டும். இத்தனையையும் ஒருசேரக் கேட்டால் டிராவல்ஸ்காரர் சட்டென்று சொல்லும் பெயர் பூடான். அவர் சொல்வதில் தப்பில்லை. இந்தியக் குடிமக்களுக்குப் பூடான் செல்ல விசா வேண்டாம், நுழைவு அனுமதி போதும். அந்நாட்டு நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் மதிப்பில் சமம். ஆனாலும் ஊட்டிக்குக் கிளம்புவதுபோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. பூடான் பயணத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் நாட்டைப் பார்த்துவிடுவோம். வடக்கே திபெத், மற்ற மூன்று பக்கமும் இந்தியா. பரப்பளவு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகை எட்டு லட்சத்துக்குள். தெற்கு எல்லையில் நம் ஊர் வெக்கை, வடக்கு எல்லையில் ஏழாயிரம் மீட்டர் உயரப் பனிச்சிகரம். இந்தச் சின்ன இடைவெளிக்குள் இவ்வளவு ஏற்றம் இருப்பதால் அங்கே நேர்ச்சாலை என்பது அபூர்வம். 1958-இல் பிரதமர் நேரு பூடான் போனபோது உள்ளே செல்ல மோட்டார் சாலையே இல்லை. திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாதையில் பயணம் செய்துதான் பாரோவை அடைந்தார். அதற்குப் பிறகுதான் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு அங்கே சாலை போடும் வேலையைத் தொடங்கியது. இன்று நாம் எல்லையிலிருந்து தலைநகர் திம்புவுக்குக் காரில் போகும் பாதை அப்படி வந்ததுதான்.

வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பூடான் கதவு திறந்தது 1974-இல். திறந்த நாளிலிருந்தே அவர்கள் கொள்கை ஒன்றுதான்: குறைவான பேர் வரட்டும், வருகிறவர்கள் நிறைவான தொகை கொடுக்கட்டும். இந்தியர்களுக்கு நெடுங்காலம் இதிலிருந்து விலக்கு இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் எல்லை மீண்டும் திறந்தபோது நாமும் கட்ட வேண்டியதாயிற்று. நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக எஸ்.டி.எஃப். இந்தியருக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். ஆறு வயதுமுதல் பன்னிரண்டு வயதுவரை பாதி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. மற்ற பெரும்பாலான நாட்டினர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் நமக்குச் சலுகைதான்.

கவனியுங்கள், இந்தக் கட்டணம் இரவுக்கணக்கு. அப்பா, அம்மா, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை, ஐந்து வயதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 3,000 ரூபாய். ஆறு இரவுக்கு 18,000. கூடவே தாத்தாவும் பாட்டியும் வந்தால் இரவுக்கு 5,400. ஆறு இரவுக்கு 32,400. ஓட்டல், சாப்பாடு, கார், வழிகாட்டி எல்லாம் இதற்கு மேல். "தலைக்கு இவ்வளவுதான் சார்" என்று ஒரு தொகை சொல்லப்படும்போது, அதில் எஸ்.டி.எஃப். அடக்கமா, தனியா என்று கேட்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தொகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் பூடான் சுற்றுலாத் துறையின் நடப்பு அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுக்குக் காசு என்றதும் நமக்கு ஓர் ஆசை வரும். இரவைக் குறைப்போம், இடத்தைக் கூட்டுவோம் என்று. பல பயணத்திட்டங்கள் இந்த ஆசையைப் பார்த்துத்தான் தயாராகின்றன. ஐந்து இரவில் திம்பு, புனாக்கா, போப்ஜிகா, பும்தாங், பாரோ என்று ஒரு தாளில் அடித்துக் கொடுப்பார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் திம்புவிலிருந்து பும்தாங் சுமார் 270 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சிப் பக்கம் போகிற தூரம்தானே என்று தோன்றும். அங்கே அது ஒரு முழுப் பகல். வளைந்து வளைந்து ஏறி, மலைக்கணவாய் கடந்து, மறுபடி இறங்கிப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். திரும்பிவர இன்னொரு பகல். கட்டிய இரவுக் கட்டணம் காருக்குள்ளேயே கழிந்துவிடும். எனவே நான் சொல்ல வருவது இதுதான்: பூடான் பயணத்தில் இடங்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு இரவு கொடுங்கள். அதற்குள் எத்தனை ஊர் அடங்குகிறதோ அத்தனை போதும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஆறு இரவு நல்ல அளவு. திம்புவில் இரண்டு, புனாக்காவில் இரண்டு, பாரோவில் இரண்டு. திம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம்தான். அதனால் உடம்பு பெரிதாகத் தடுமாறாது. நகரத்தின் நடுச்சந்தியில் போக்குவரத்து விளக்கு கிடையாது. சித்திர வேலைப்பாடு செய்த சிறு கூண்டுக்குள் வெள்ளைக் கையுறை போட்ட காவலர் நின்று, நாட்டியம் ஆடுவதுபோலக் கைகாட்டி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

திம்புவிலிருந்து புனாக்கா போகும் வழியில் தோசுலா கணவாய், 3,100 மீட்டர். அங்கே வரிசை வரிசையாக 108 சிறு தூபிகள். வானம் தெளிவாக இருந்தால் பின்னால் இமயத்தின் பனிச்சிகரங்கள் தெரியும். அங்கிருந்து இறங்கினால் புனாக்கா, ஆயிரத்து இருநூறு மீட்டர் சொச்சம். ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம், சுற்றிலும் நெல்வயல். 1955 வரை இதுதான் தலைநகரம். தந்தையாறு, தாயாறு என்று அவர்கள் வழங்கும் போ சூ, மோ சூ இரண்டும் கூடும் முனையில், நாட்டை ஒன்றிணைத்த ஷப்த்ருங் நவாங் நம்க்யால் 1637-இல் கட்டத் தொடங்கிய கோட்டை மடம் நிற்கிறது. ஜோங் என்பார்கள். கோட்டையும் அதுவே, மடமும் அதுவே, மாவட்ட அலுவலகமும் அதுவே. உள்ளே போகும்போது முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் நிற்கும் காட்சியைத் தவிர்க்கலாம்.

பாரோவைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் தக்த்சங் மடம். டைகர்ஸ் நெஸ்ட் என்று சுற்றுலாத் தாள்களில் படம் போட்டிருப்பார்களே, அதுதான். செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்ததுபோல 1692-இல் கட்டப்பட்டது. 1998-இல் தீயில் பெரும்பகுதி அழிந்து, பழையபடியே திரும்பக் கட்டினார்கள். உயரம் 3,120 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியைவிடவும் 400 மீட்டருக்கு மேல் அதிகம். கார் அடிவாரம் வரைதான். அங்கிருந்து நடை. சாதாரணமாக நடப்பவர்களுக்கு ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம் ஆகலாம். பாதி வழியில் ஓர் உணவகம் உண்டு. அதுவரை குதிரை கிடைக்கும். இறங்குவதற்குக் குதிரை கிடையாது. உணவகம் தாண்டி ஏறினால் மடம் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வந்துவிட்டோம் என்று நினைக்கும் அந்த இடத்தில்தான் படிகள் கிடுகிடுவென்று இறங்கும். ஓர் அருவியைக் கடந்து, மறுபடி அதே அளவு ஏற வேண்டும். மடத்து வாசலில் கைப்பை, செல்போன், கேமரா எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மூச்சுக்குக் காற்று குறைந்த உயரம் என்பதால், நான்கைந்து நாள் மலையில் இருந்து பழகிய உடம்போடு ஏறுவது நல்லது. மூட்டுவலிக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். உணவகம்வரை போனாலே மடத்தைப் பார்த்துவிடலாம். அதுவும் முடியாதவர்கள் பாரோவிலேயே இருக்கும் பழமையான கியிச்சு ஆலயத்தில் அமைதியாக அமர்ந்திருக்கலாம். குழுவாகப் போகும்போது யார் ஏறுவது, யார் இருப்பது என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். அடிவாரத்தில் நின்று விவாதித்தால் இருவருக்கும் மனத்தாங்கல்.

எப்படிப் போவது? பாரோவில்தான் பன்னாட்டு விமான நிலையம். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருப்பதால், பகலில், கண்ணுக்குப் பாதை தெரியும்போது மட்டுமே விமானம் இறங்கும். டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பூடான் விமானங்கள் உண்டு. மேகம் மூடினால் தாமதம் ஆகலாம், ரத்தும் ஆகலாம். பாரோவிலிருந்து காலையில் கிளம்பி, அன்று மாலையே கொல்கத்தாவில் சென்னை விமானம் என்று டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். நடுவில் ஓர் இரவு விட்டால் நிம்மதி.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குத் தரைவழி. நம் பக்கம் மேற்கு வங்கத்தின் ஜெய்கான், அந்தப் பக்கம் பூடானின் புந்த்ஷோலிங். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வாயில்தான். ரயிலில் நியூ ஜல்பைகுரி போய், அங்கிருந்து வேறு ரயில் மாறி ஹசிமாரா நிலையத்தில் இறங்கினால் எல்லை சுமார் 20 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸும் நியூ ஜல்பைகுரி வழியாகத்தான் போகிறது. எல்லை நகரில் மட்டும் தங்கினால் 24 மணி நேரத்துக்கு எஸ்.டி.எஃப். இல்லை. ரயில் அலுப்புத் தீர முதல் இரவை அங்கே வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் திம்புவுக்கு ஏறலாம். அது ஐந்தாறு மணி நேர மலைப்பாதை. வாந்தி மாத்திரையை மறக்க வேண்டாம்.

இனிக் காகிதங்கள். பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் அட்டை அங்கே பயண ஆவணமாகச் செல்லாது. இது தெரியாமல் எல்லைவரை போய்த் திகைப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் காலக்கெடு மிச்சம் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழ். நம் ஊரில் பல பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே பதிவாகியிருக்காது. அதை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, நம் இனிஷியல். வாக்காளர் அட்டையில் வெறும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, விமான டிக்கெட்டில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லாப் பதிவுகளையும் செய்யச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மிளகாயை அவர்கள் காய்கறியாகவே சமைக்கிறார்கள். எமா தாட்ஷி என்ற அவர்களுடைய முக்கியமான குழம்பில் மிளகாயும் பாலாடைக்கட்டியும்தான். கூடவே சிவப்பரிசிச் சோறு. காரம் நமக்குப் புதிதல்ல என்று நினைப்பவர்கள்கூட முதல் கரண்டியை அளவாகப் போட்டுக்கொள்வது நல்லது. சைவம் எங்கும் கிடைக்கும். பணத்துக்கு நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். 2021 முதல் நம் யுபிஐ வழியாகவும் அங்கே பணம் செலுத்த வசதி உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. செல்போனுக்கு அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்வது மலிவு. கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிடுங்கள்.

எப்போது போவது? மார்ச் முதல் மே வரை மலைச்சரிவெங்கும் ரோடோடென்ட்ரான் பூக்கும் காலம். நம் பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறைக்குப் பொருந்தும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, மண்சரிவு, தவிர்த்துவிடலாம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை வானம் மிகத் தெளிவு. காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போனால் திம்புவில் முகமூடி நடனத் திருவிழா வாய்க்கலாம். ஆனால் அதுவே வங்காளத்தில் துர்கா பூஜை விடுமுறை. ரயிலும் ஓட்டலும் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால், அந்தச் சமயத்தில் போவதானால் சில மாதம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை. எஸ்.டி.எஃப்., அனுமதிச் செலவு, ஜோங்குகளின் நுழைவுக் கட்டணம், மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, இவற்றில் எவை அடக்கம்? ஒவ்வோர் இரவும் எந்த ஓட்டல்? சாலை அடைத்தாலோ விமானம் ரத்தானாலோ கூடுதல் இரவின் செலவு யாருடையது? நம் நாட்டு நிறுவனத்திடம் வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் டிராவல்ஸ்காரரிடம், "ஓர் ஊரைக் குறைத்துவிட்டு, ஓர் இரவைக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தரும் அந்த இரண்டாவது தாள்தான் நீங்கள் பணம் கட்ட வேண்டிய தாள்.